சித்தி இருமிய ஞாயிற்றுக்கிழமை

சித்தி எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் ஆரம்பிப்பாள். வாரப் பத்திரிகை கைக்கு வந்தால், தொடர்கதையோ சிறுகதையோ, கடைசிப் பத்தியை முதலில் படித்து, "சரி, சேர்ந்துடுறாங்க" என்று ஒரு பெருமூச்சு விட்ட பிறகே முன்பக்கத்துக்கு வருவாள். சினிமாவுக்குப் போனால், முந்தைய காட்சி முடிந்து வெளியே வருகிற முன்பின் தெரியாத ஆளை வழிமறித்து, "அந்தப் பையன் பொழைச்சுக்கிறானா?" என்று கேட்பாள். அவர் முறைத்தால் அடுத்த ஆள். பதில் கிடைக்காமல் சித்தி தியேட்டருக்குள் கால் வைத்ததே இல்லை.

பக்கத்து வீட்டம்மா, "நேத்து எங்க நாத்தனார் மாடிப்படி இறங்கும்போது..." என்று இழுத்தால், சித்தி தையல் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்துவாள்.

"முதல்ல ஒண்ணு சொல்லு. இப்ப நல்லா இருக்காங்களா?"

"இருக்காங்க, இருக்காங்க."

"அப்ப சரி. இப்ப சொல்லு, ஒண்ணு விடாம சொல்லு."

அதற்கப்புறம் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, "ஐயையோ", "அப்புறம்?", "அட கடவுளே" என்று சித்தி கேட்கிற அழகைப் பார்த்தால், முடிவு தெரிந்த ஆள் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்ப முடியாது. கதை சொல்கிறவர்களுக்கே ஊருக்குள் சித்தியைப் போல ஒரு காது கிடையாது என்று ஒரு நினைப்பு.

அக்கா மகள் இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறாள். அவளுடைய பள்ளி ரிசல்ட் வந்த நாளில், போனில் அவள் விம்ம ஆரம்பித்ததும் மறுமுனையில் சித்தி சொன்னது இதுதான்: "பாஸா ஃபெயிலா? அதைச் சொல்லிட்டு அப்புறம் உன் இஷ்டத்துக்கு அழு."

ஒருமுறை அவள் கேட்டே விட்டாள். "முடிவு தெரிஞ்சா என்ன சித்தி சுவாரசியம் இருக்கும்?"

"முடிவு தெரியலைன்னாதான் எனக்கு ஒண்ணும் ஏறாது. வயித்துக்குள்ள ஒரு குண்டூசி குத்திக்கிட்டே இருக்கும். அதை எடுத்துப் போட்டுட்டா நிம்மதியா உக்காந்து ரசிக்கலாம் இல்ல?"

அவளுக்கு அது சரி என்றும் பட்டது, சரியில்லை என்றும் பட்டது. அவளுக்குப் பெரும்பாலான விஷயங்கள் அப்படித்தான் படும். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி முடித்தவள் அவள். பட்டம் கையில் வந்ததும் உலகத்தில் பாதி விஷயங்களுக்காவது தீர்மானமான பதில் வந்துவிடும் என்று வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். அவளும் நினைத்தாள். வந்ததெல்லாம் கேள்விகள்தான். வேலைக்கான நேர்முகத் தேர்வுகள் எல்லாம் சித்தி இருக்கும் ஊரில் நடந்ததால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்கே வந்து சேர்ந்தாள். வீடு என்றால் கடைக்குப் பின்னால் இரண்டு அறை. கடை என்றால் ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்கும் ஒரு ஓவர்லாக் மெஷின், ஒரு இஸ்திரி மேசை, சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் மற்றவர்களின் கால்சட்டைகள்.

சித்தி புதுத்துணி தைப்பதில்லை. நீளத்தைக் குறைப்பாள், இடுப்பைப் பெரிதாக்குவாள், ஜிப் மாற்றுவாள். "ஊரே பெருத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் எனக்கு வேலைக்குப் பஞ்சமில்லை" என்பாள். சித்தப்பா லாரி ஓட்டுகிறவர். வாரமெல்லாம் சாலையில் இருந்துவிட்டு ஞாயிறு மதியம் வீட்டில் தூங்குவார். அந்தத் தூக்கத்துக்குத்தான் சித்தியின் ஞாயிற்றுக்கிழமைகள் பெரும் சோதனை.

ஏனென்றால் ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்து, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டால், சித்தி துப்பறிய உட்கார்ந்துவிடுவாள்.

துணை மூன்று பேர். கடை வைப்பதற்கு முன்னால் சித்தி ஒரு ஆயத்த ஆடை ஃபேக்டரியில் இருந்தாள். தைத்து வரும் துணிகளை வெளியே அனுப்பும் முன் பிசிறு, கறை, விட்டுப்போன தையல் இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் மேசை. அந்த மேசையைச் சுற்றி நின்ற நாலு பேருக்கும் நாலு பட்டப்பெயர். எல்லோரையும் அதட்டி வேலை வாங்கியவள் லீடரக்கா. தலைவலியிலிருந்து மாமியார் தொல்லை வரைக்கும் எதற்கும் கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்துக் கொடுத்தவள் டாக்டர். வாயை மூடாதவள் ரேடியோ. சித்திக்கு வைத்த பெயர் கடைசிப்பக்கம்.

ஃபேக்டரி வேறு ஊருக்குப் போனதும் நாலு பேரும் நாலு திசைக்குப் போனார்கள். லீடரக்கா மகன் வீட்டில், டாக்டர் ஒரு பள்ளி விடுதியின் சமையலறையில், ரேடியோ தன் கணவரின் செருப்புக் கடையில். பிரிந்த பிறகு நேரில் ஒரு தடவைகூடச் சந்தித்துக்கொள்ளவில்லை. கூப்பிட்டுப் பேசினாலும், "சாப்டியா, மூட்டுவலி எப்படி இருக்கு" என்று இரண்டு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை. பக்கத்தில் நின்று கை வேலை செய்துகொண்டே பேசிப் பழகியவர்களுக்கு, சும்மா உட்கார்ந்து பேசுவது கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ரேடியோவின் மகள் ஒருநாள் அவர்களுடைய போன்களில் 'மூடிய மாளிகை'யை ஏற்றிவிட்ட பிறகுதான் மேசை மறுபடி கூடியது.

நாலு பேர் சேர்ந்து விளையாட வேண்டிய ஆட்டம் அது. ஒரு பெரிய மாளிகை. வாரம் ஒரு மர்மம். ஆளுக்கு ஒரு அறை. ஒருத்தி அறையில் இருப்பது மற்றவள் கண்ணுக்குத் தெரியாது. வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும். கடைசியில் சந்தேகத்துக்குரியவர்களின் முகங்கள் வரிசையாக வரும். நாலு பேரும் ஒரே முகத்தை அழுத்த வேண்டும். தப்பினால் இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும்.

அவர்கள் விளையாடுவதைக் கேட்பதே ஒரு கூத்து.

"என் ரூம்ல ஒரு சோபா. உறையில தையல் விட்டிருக்கு, பிசிறு தொங்குது. இதை எவ பாஸ் பண்ணா?" என்பாள் லீடரக்கா.

"அக்கா, அங்க ஒரு பொணம் இருக்கணுமே?" என்பாள் சித்தி.

"அதுவும் கெடக்கு. சோபாவை முதல்ல பாரு."

"அக்கா சொல்றதை வச்சுப் பார்த்தா அந்தப் பொணத்துக்கு சுகர் இருந்திருக்கும்" என்பாள் டாக்டர்.

"கத்தி முதுகுல குத்தியிருக்குடி."

"இருக்கட்டுமே. சுகர் இருந்தவரைக் குத்தக்கூடாதுன்னு சட்டமா?"

இதற்கு நடுவில் ரேடியோ, தன் அறையில் இருக்கும் அலமாரி தன் சின்ன மாமியார் வீட்டு அலமாரியைப் போலவே இருப்பதாகவும், அந்தச் சின்ன மாமியார் மகா கஞ்சம் என்றும் ஆரம்பித்து, ஆட்டம் முடியும் வரை ஓடிக்கொண்டிருப்பாள்.

சித்தி மட்டும் இந்த ஆட்டத்தை எப்படித் தாங்கினாள் என்பதுதான் ரகசியம். ஒவ்வொரு மர்மமும் வெள்ளிக்கிழமையே வெளியாகிவிடும். ஆர்வம் தாங்காதவர்கள் அன்றே விளையாடி முடித்து விடையை இணையத்தில் போட்டுவிடுவார்கள். சனிக்கிழமை சித்தி மெல்ல அக்கா மகளிடம் வருவாள்.

"நீ படிச்ச பொண்ணுதானே. கொஞ்சம் தேடிப் பாரேன். யாரு பண்ணாங்கன்னு மட்டும் சொல்லு. எப்படின்னு சொல்லாத, என்ன?"

பட்டம் வாங்கிய பிறகு அவள் குடும்பத்துக்குச் செய்த முதல் உபகாரம், மாளிகை விருந்தாளிக்கு விஷம் வைத்தது யார் என்று தேடிச் சொன்னதுதான். "வண்டிக்காரன் சித்தி" என்று அவள் காதில் ஓதியதும், சித்தியின் முகத்தில் ஒரு விளக்கு எரியும்.

"இது ஏமாத்து இல்லையா சித்தி?" என்று அவள் ஒருமுறை கேட்டாள்.

"நான் யாருக்காவது சொன்னேனா? வாயைத் திறந்தேனா? அவளுங்களாத்தானே கண்டுபிடிக்கிறாளுங்க?"

அது உண்மைதான். சித்தி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தப்பான ஆளுக்காகத் தொண்டை கிழியச் சண்டை போட்டு ஆட்டத்தை நீட்டிக்கக்கூடச் செய்வாள். உண்மையான ஆளின் பேச்சு வரும்போது மட்டும் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். அதை இருமலாக மாற்றி, ஒரு மடக்கு தண்ணீர் குடித்துச் சமாளிப்பாள். எப்படியோ அந்த மூன்று பேரும் சரியான முகத்துக்கே வந்து சேர்ந்தார்கள். ஒரு மர்மம்கூடத் தப்பவில்லை. செக்கிங் மேசைக்காரிகளுக்குக் கண் கூர்மை என்று அக்கா மகள் வியந்தாள். தான் கல்லூரியில் அத்தனை வருஷம் உட்கார்ந்தும் எதையும் இவ்வளவு நிச்சயமாகச் சொல்ல வரவில்லையே என்றும் கொஞ்சம் யோசித்தாள். மூன்று பேரும் அவளை அன்பாக 'டிகிரி' என்று கூப்பிட்டார்கள்.

அந்த மர்மத் தொடர் முடியப்போகிற சமயத்தில் ஆட்டத்துக்காரர்கள் ஒரு அறிவிப்புப் போட்டார்கள். ரேடியோ அதைப் படித்தாள். முதல் மர்மத்திலிருந்து ஒன்றுகூட விடாமல் கண்டுபிடித்த குழு, கடைசி மர்மத்தையும் கண்டுபிடித்துவிட்டால், அந்தக் குழுவின் முகங்களை ஓவியர் சேர்த்து வரைவார். அடுத்த தொடரில், மாளிகையின் மாடிப்படிச் சுவரில் தங்க நிறச் சட்டம் போட்டு அந்தப் படம் தொங்கும்.

போனில் யாரும் பேசவில்லை. ரேடியோகூட.

"நாலு பேரும் ஒரே படத்துலயா?" என்றாள் லீடரக்கா.

"ஒரே படத்துல அக்கா."

டிகிரிக்கு அந்த மௌனம் புரியவில்லை. அன்று சாயங்காலம் பட்டன் தைத்துக்கொண்டே கேட்டாள். சித்தி பல்லால் நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னாள்.

"எங்க நாலு பேருக்கும் சேர்ந்தாப்புல ஒரு போட்டோ கிடையாது தெரியுமா? ஃபேக்டரிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. வாசல்லயே பெட்டியில போட்டுடணும். வெளிய வந்தா ஆளுக்கொரு பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். பூட்டுன அன்னைக்கு எடுக்கணும்னு நினைச்சோம். அன்னைக்கு லீடரக்காவுக்குக் காய்ச்சல், வரலை. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு."

கொஞ்ச நேரம் மெஷின் ஓடியது.

"இதுல தோத்துடக் கூடாது பாப்பா" என்றாள் சித்தி.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. கடைசி மர்மம் வெள்ளிக்கிழமை வெளியாகாது; எல்லோருக்கும் ஒரே சமயத்தில், ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் திறக்கும் என்று போட்டிருந்தார்கள். சனிக்கிழமை சித்தி வழக்கம்போல வந்தாள். டிகிரி தேடிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு வரிகூட இல்லை.

"ஒண்ணுமே இல்லையா?"

"இனிமேதான் வரும் சித்தி. நாளைக்கு எல்லாரும் விளையாடி முடிச்சப்புறம்."

"முடிச்சப்புறம் எனக்கெதுக்கு?" என்று சித்தி இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் அழுத்தியே வைத்தாள். அன்று இரண்டு கால்சட்டைகளுக்கு நீளம் மாற்றி வெட்டிவிட்டாள். ஒருவருடையதை இன்னொருவருக்கு.

ஞாயிறு காலை போதாக்குறைக்கு ஒரு வேலை வந்தது. யாரோ பரணில் கிடந்த பழைய திரைச்சீலைகளைக் கொண்டுவந்து, ஓரம் பிரித்துத் தைக்க வேண்டும் என்றார்கள். சித்தி பதற்றத்தை ஆற்ற அதையே எடுத்துவைத்துக்கொண்டு பிரித்தாள். உள்மடிப்பு முழுக்கத் தூசி. மதியம் ஷட்டரை இறக்கும்போது கடைக்குள் வெயில் கீற்றில் தூசி மிதந்துகொண்டிருந்தது. பின்னறையில் சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். சித்தி போனைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து வைத்தாள். டிகிரி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தாள்.

மாளிகை திறந்தது. மாளிகை அம்மாவின் முத்துமாலை காணாமல் போயிருந்தது. மழை பெய்த ஒரு சாயங்காலம், அம்மா வெளியே போயிருந்த நேரத்தில். சந்தேகத்துக்குரியவர்கள் நாலு பேர்: தோட்டக்காரர், சமையல்காரி, கார் ஓட்டுபவர், பியானோ சொல்லிக்கொடுக்கும் டீச்சர். லீடரக்காவுக்குக் கீழ்க்கூடம். டாக்டருக்குச் சமையலறை. ரேடியோவுக்கு மாடியில் பியானோ அறை. சித்திக்கு அதற்குப் பக்கத்தில், மாலை இருந்த படுக்கையறை.

"கூடத்துல சேத்துக் கால்தடம் இருக்கு" என்றாள் லீடரக்கா. "வாசல்லேர்ந்து ஜன்னல் வரைக்கும். தொடைக்காம விட்டிருக்காளுங்க."

"இங்க ஒரு பியானோ" என்றாள் ரேடியோ. "தொட்டா சத்தம் வருது! ஆனா இந்த ஒரு கட்டை மட்டும் ஊமையா இருக்கு. எங்க வீட்டு காலிங் பெல்லும் இப்படித்தான்..."

"ரேடியோ, வால்யூமைக் குறை. டாக்டர், உனக்கு என்ன இருக்கு?"

"சமையல்காரி ஏதோ நீளமாச் சொல்லியிருக்கா, அப்புறம் படிக்கிறேன். ஆங், பின்வாசல்ல ஒரு ஜோடி பூட்ஸ். ஒரே சேறு. தோட்டக்காரரோடது."

தோட்டக்காரர் என்ற சொல் டாக்டரின் வாயிலிருந்து விழுவதற்கும், காலை முழுக்க உள்ளே போயிருந்த திரைச்சீலைத் தூசி சித்தியின் தொண்டையில் ஒன்றுகூடுவதற்கும் சரியாக இருந்தது. சித்தி இருமினாள். வழக்கமான ஒற்றை இருமல் இல்லை. கண்ணில் நீர் வர, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, அடுக்கடுக்காக.



"தோட்டக்காரர்தான்!" என்றார்கள் மூன்று பேரும், ஒரே குரலில்.

"அழுத்துங்கடி! ஒண்ணு, ரெண்டு, மூணு!" என்றாள் லீடரக்கா.

இவளுங்க ஏதோ பெருசா கண்டுபிடிச்சுட்டாளுங்க என்று நினைத்து, இருமலுக்கு நடுவிலேயே சித்தியும் அழுத்தினாள்.

திரை இருண்டது. பிறகு தோட்டக்காரர் வந்தார். நரைத்த மீசை. தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். 'நானா அம்மா? மழையில் ஜன்னல் அடித்துக்கொண்டதே என்று சாத்த வந்தேன். இந்த வீட்டில் ஒரு பூவைக்கூடக் கேட்காமல் பறித்ததில்லை' என்று எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. தலையைக் குனிந்துகொண்டு அவர் நடந்து போனார். தவறு, இன்னும் ஒரு வாய்ப்பு என்று காட்டியது.

"ஐயோ பாவம்டி, முகத்தைப் பாரு" என்றாள் ரேடியோ.

"ஏய் கடைசிப்பக்கம்!" லீடரக்கா கத்தினாள். "ஏண்டி தப்பா இருமுன?"

"என்னது?"

"தோட்டக்காரர்னதும் இருமுனியே!"

"தூசிக்கா! காலையிலேர்ந்து திரைச்சீலை பிரிச்சேன். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நீங்க எதை வச்சு அவரைச் சொன்னீங்க?"

"உன் இருமலை வச்சுத்தான்! வேற எதை வச்சு? இத்தனை வாரமா எதை வச்சுக் கண்டுபிடிச்சோம்னு நினைக்கிற?"

சித்தி சட்டென்று திரும்பி டிகிரியைப் பார்த்தாள். டிகிரி முக்காலிக்கு அடியில் பூமி பிளக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சினிமாக் கொட்டகை வாசல்ல நின்னு முடிவு கேக்குறவ நீ" என்றாள் டாக்டர் நிதானமாக. "வீட்டுல ஒரு டிகிரியை வேற வச்சிருக்க. தெரியாம உக்காந்து விளையாடுவேன்னு நாங்க நம்புவோமா? மொத வாரமே தெரியும். நீ உத்தமி மாதிரி சண்டை போடுவ, ஆள் பேரு வந்ததும் ஒரு இருமல். நாங்களும் பேசாம அழுத்திடுவோம்."

"அப்ப நீங்க ஒருத்தியும் கண்டுபிடிக்கவே இல்லையா? நான் என்னமோ உங்களுக்குக் கண்ணு கூர்மைன்னு..."

"எங்களுக்குக் காது கூர்மை" என்றாள் ரேடியோ.

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. லீடரக்காவாக இருக்கலாம், அவள் சிரிப்பு சட்டியில் கடுகு வெடிப்பது போல இருக்கும். பிறகு நாலு பேரும். சித்தி இருமிக்கொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருமினாள். "இரு இரு, இப்ப யாரைச் சொல்ற?" என்று டாக்டர் கேட்க, மறுபடி வெடித்தது. அந்தக் கூத்தில் கடிகார முள் பாதியைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பதை டிகிரிதான் பார்த்தாள்.

"சித்தி, நேரம்!"

சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"போட்டோ போயிடும்டி" என்றாள் லீடரக்கா. குரலே மாறியிருந்தது. "டிகிரி, உனக்காவது தெரியுமா?"

"சத்தியமா தெரியாது பெரியம்மா. எங்கேயும் போடல."

"அப்ப வாங்க. மேசையில ஒரு பீஸ் துணி வந்திருக்குன்னு வச்சுக்கங்க. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிங்க. ஒருத்தி பேசும்போது இன்னொருத்தி பேசக் கூடாது. கடைசிப்பக்கம், உன் ரூம்ல என்ன இருக்கு? ஒழுங்காப் பாரு."

சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். இத்தனை வாரமும் அவள் எந்த அறையையும் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் டிகிரிக்கு உறைத்தது. பார்ப்பதற்கு என்ன அவசியம் இருந்தது?

"கட்டில். காலிப் பெட்டி. கீழ வெள்ளைக் கம்பளம். கொள்ளை அழகுடி, இத்தனை வெள்ளையா வச்சிருக்காங்க. ஒரு புள்ளி கறை இல்ல."

"சேறு?"

"துளி இல்ல."

"என் கால்தடமும் ஜன்னல் வரைக்கும் போய் அப்படியே திரும்பிடுது. மாடிப்படி பக்கமே போகல" என்றாள் லீடரக்கா. "அப்ப அந்த மனுஷன் நிஜமாவே ஜன்னல்தான் சாத்தியிருக்கார். ரேடியோ, நீ சொல்லு."

"ஆரம்பத்துலேர்ந்து கத்துறேன், யாராச்சும் கேட்டீங்களா? பியானோவுல ஒரு கட்டை ஊமைன்னு! மத்ததெல்லாம் கணீர்னு கேக்குது. இது மட்டும் துணி சுத்தி வச்ச மாதிரி 'தொப்'புங்குது."

"துணி சுத்துனா 'தொப்'புன்னாதான் கேக்கும்" என்றாள் டாக்டர். "இருங்க, சமையல்காரி என்னமோ பாட்டைப் பத்திச் சொல்லியிருக்கா. 'டீச்சரம்மா மழை நேரம் பூரா பியானோ வாசிச்சுக்கிட்டேதான் இருந்தாங்க, எழுந்திருக்கவே இல்லை.'"

"அப்ப டீச்சர் இல்ல."

"இரு, இன்னும் இருக்கு. எனக்குக் கீழ தள்ளவே தெரியாம இருந்திருக்கு. 'நடுவுல ஒரே ஒரு தடவை நின்னுச்சு, பக்கம் திருப்புறாங்க போலன்னு நினைச்சேன். அப்புறம் கேட்ட பாட்டு, முன்பல்லு போன ஆள் பாடுற மாதிரி இருந்துச்சு.'"

சித்தி கழுத்து டேப்பை விரலில் சுற்றினாள்.

"முதல்ல முழுப் பாட்டு" என்றாள் சித்தி மெதுவாக. "அப்புறம் பல்லு போன பாட்டு. அப்ப அந்தக் கட்டை முதல்ல நல்லாத்தான் இருந்திருக்கு. நடுவுல நின்னப்பதான் ஊமையாயிருக்கு. நின்னப்ப எழுந்து என் ரூமுக்கு வந்திருக்கா. பக்கத்து ரூம்தானே. எடுத்துட்டுப் போய்..."

"பியானோவுக்குள்ள போட்டுட்டா!" என்று ரேடியோ அலறினாள். "போட்டுட்டு ஒண்ணும் நடக்காத மாதிரி மறுபடி வாசிச்சிருக்கா! நெஞ்சழுத்தக்காரி!"

"கார் ஓட்டுறவர்?" என்றாள் லீடரக்கா.

"அம்மாவைக் கூட்டிட்டுப் போய் வெளிய இருந்தார்னு சமையல்காரி மொத வரியிலேயே சொல்லியிருக்கா" என்றாள் டாக்டர்.

முகங்கள் வரிசையாக நின்றன. கடிகாரம் சிவப்பாகிவிட்டது. சித்தியின் விரல் டீச்சரின் முகத்துக்கு மேல் வந்து நின்றது.

"பாப்பா, சரியா?"

"எனக்கும் தெரியாது சித்தி."

சொல்லும்போதே டிகிரிக்கு உள்ளே ஏதோ லேசாயிற்று. நேர்முகத் தேர்வுகளில் இதே வார்த்தையை விழுங்கி விழுங்கி நெஞ்சு கனத்துப் போயிருந்தாள். இங்கே அதைச் சொன்னதற்கு யாரும் அவளை மதிப்பிடவில்லை. விடை தெரியாதவர்கள் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான்.

"வயித்துல குண்டூசி குத்துது அக்கா" என்றாள் சித்தி.

"குத்தட்டும். ஒண்ணு, ரெண்டு..."

மூன்று என்பது யார் காதிலும் விழவில்லை. பியானோவின் மூடி திறந்தது. உள்ளேயிருந்து கைக்குட்டையில் சுற்றிய மாலை, முத்து முத்தாக மேலே வந்தது.

நாலு போன்களிலிருந்து எழுந்த கூச்சலில் பின்னறைக் கதவு படாரென்று திறந்தது. சித்தப்பா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

"யாரு? யாரு செத்தது?"

"யாரும் சாகல! மாலை கிடைச்சிடுச்சு!"

"எந்த மாலை?" என்று அவர் சித்தியின் கழுத்தைப் பார்த்தார். அங்கே அளவெடுக்கும் டேப்தான் தொங்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் சரியாத்தானே இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போய்ப் படுத்தார்.

அதற்கப்புறம் வாரமெல்லாம் போட்டோ அமர்க்களம். ஆளுக்கொரு போட்டோ அனுப்ப வேண்டும். ஓவியர் சேர்த்து வரைந்துகொள்வார். டாக்டர் பக்கத்து வீட்டில் கம்மல் வாங்கிப் போட்டுக்கொண்டு எடுத்தாள். ரேடியோ அனுப்பிய எல்லாப் படத்திலும் வாய் திறந்தே இருந்தது. வாய் மூடிய படம் ஒன்றுக்காக அவள் மகள் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து கடைசியில் தூங்கும்போது எடுத்துப் பார்த்து, அப்போதும் திறந்திருக்கக் கண்டு கைவிட்டாள். சித்தியை டிகிரிதான் எடுத்தாள், கடை வாசலில், மெஷினுக்குப் பக்கத்தில். "டேப்பைக் கழத்துடி" என்றாள் போனில் படத்தைப் பார்த்த லீடரக்கா. "அது இல்லைன்னா என் கழுத்து எனக்கே அடையாளம் தெரியாது" என்றாள் சித்தி.

இணையத்தில் தேடும் வேலையிலிருந்து டிகிரிக்கு லீடரக்கா நிரந்தர விடுதலை கொடுத்தாள். சித்தி ஒப்புக்கொண்டாள். முனகிக்கொண்டேதான்.

புதிய தொடரின் முதல் ஞாயிறு. மாளிகைக் கதவு திறந்தது. மாடிப்படி வளைவில் தங்க நிறச் சட்டத்துக்குள் நாலு பேர் தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றார்கள். ஓவியர் நல்ல மனுஷர். லீடரக்காவின் புருவத்தில் இருக்கும் அதட்டல், டாக்டரின் கம்மல், ரேடியோவின் திறந்த வாய், ஒன்றும் விடவில்லை. டேப் என்ன என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை போல. மஞ்சள் பொன் மாலையாக வரைந்து, நடுவில் ஒரு பதக்கமும் வைத்துவிட்டார்.

"அடிப்பாவி, எங்களை விட்டுட்டு உனக்கு மட்டும் நகையா!" என்றாள் டாக்டர்.

லீடரக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "பிசிறு இருக்கான்னு பாக்குறேன்" என்றாள் கடைசியில். "இல்ல. பாஸ்."

அந்த நேரத்தில்தான் படிக்கு அடியிலிருந்து ஒருவர் மெல்ல ஏறி வந்தார். நரைத்த மீசை. கையில் ஒரு பூவாளி, தோளில் ஒரு துணி. தோட்டக்காரர். படத்துக்கு எதிரில் நின்றார். துணியை எடுத்து, சட்டத்தின் நாலு ஓரத்தையும் துடைத்தார். பிறகு கண்ணாடியை. லீடரக்காவின் முகத்தை, டாக்டரை, ரேடியோவை. கடைசியாகச் சித்தியை.

"பாத்தியாடி" என்றாள் சித்தி. "அன்னைக்குத் திருடன்னு சொன்னோம். நம்ம மூஞ்சியைத் தொடைக்கிறார்."

"நாங்க எங்க சொன்னோம்? நீதானே இருமுன" என்றாள் ரேடியோ.

சித்தி அவரைத் தொட்டாள். மூன்று கட்டங்கள் வந்தன. 'எங்கே இருந்தீர்கள்?' 'என்ன பார்த்தீர்கள்?' 'சந்தேகப்படுகிறேன்.' அவ்வளவுதான். கீழே தள்ளிப் பார்த்தாள். வேறு எதுவும் இல்லை.

"மன்னிச்சுக்கங்கன்னு சொல்ல ஒண்ணும் இல்லையா பாப்பா?"

டிகிரி எல்லா இடத்திலும் தேடிப் பார்த்தாள். இல்லை. சித்தி விடாமல் நச்சரித்ததால் ஆட்டத்துக்காரர்களுக்கு எழுதியும் போட்டாள். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று பதில் வந்தது.

இப்போதும் ஞாயிறு தோறும் மாளிகை திறந்ததும், லீடரக்கா அவசரப்படுத்தினாலும், சித்தி முதலில் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை போவாள். அவரைத் தொடுவாள். மூன்று கட்டங்கள் வரும். எதையும் அழுத்தாமல் கொஞ்ச நேரம் நிற்பாள். அவர் பூவாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போவார். அவருக்குச் சேர வேண்டிய அந்த ஒரு மன்னிப்பு சித்தியிடம் அப்படியே இருக்கிறது.